வைஃபைக்கு முன்னால் வழியே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான இ-சிம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் வைஃபை வருவதற்கு முன் வெளிநாடு போனவர்களுக்கு ஐ.எஸ்.டி. என்ற வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பும் ஃபேக்ஸும் தவிர வேறு வழியே கிடையாது என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் கரூரில் ஒரு வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்து ஓய்வு பெற்றவன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சிக்கு லேப்டாப்போடு போய், விடுதி அறையின் ஃபோன் ஒயர் வழியாகக் கரூருக்கு மெயில் அனுப்பியவர்களில் நானும் ஒருவன். வழி இருந்தது. கரடுமுரடான வழி, அவ்வளவுதான்.

ஹைம்டெக்ஸ்டில் ஜனவரியில், பொங்கலை ஒட்டி வரும். அந்த நாட்களில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அறை வாடகை எகிறிவிடும் என்பதால் எங்களைப் போன்றவர்கள் மைன்ஸ், ஆஃபன்பாக் பக்கம் சின்ன விடுதிகளில் தங்கி ரயிலில் வந்து போவோம். பகலில் ஸ்டாலுக்கு வரும் பையர் ஒரு டேபிள் ரன்னரைக் கையில் எடுத்து, "இதே டிசைன், அகலம் ஐந்து சென்டிமீட்டர் கூடுதல், நூல் ஒரு கவுண்ட் தடிப்பாக. என்ன விலை?" என்பார். அங்கேயே வாய்க்கு வந்த விலையைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம். நூல் விலை, சாயக்கூலி, நெசவுக்கூலி எல்லாம் போட்டுப் பார்த்து ஊரிலிருந்துதான் கணக்கு வரவேண்டும்.

இங்கேதான் நேர வித்தியாசம் கை கொடுத்தது. குளிர்காலத்தில் ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். ராத்திரி பதினோரு மணிக்கு நான் கேள்விகளை அனுப்பினால் கரூரில் விடியற்காலை மூன்றரை. ஆபீஸ் திறந்ததும் காஸ்டிங் பார்ப்பவர் எடுத்துப் படித்து, கணக்குப் போட்டு, நண்பகலுக்குள் பதில் அனுப்பிவிடுவார். ஜெர்மனியில் அப்போது காலை ஏழரை. ஸ்டாலுக்குக் கிளம்பும் முன் விலை என் கையில் இருக்கும். ஃபேக்ஸிலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் விடுதியில் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், ரிசப்ஷனில் இருப்பவர் நம் விலைப்பட்டியலை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

சிக்கல் இணையத்தில் இல்லை, சுவரில் இருந்தது. ஒவ்வொரு நாட்டுத் தொலைபேசித் துறையும் தனக்கென்று ஒரு பிளக் வைத்திருந்த காலம் அது. லேப்டாப்பை ஃபோன் லைனோடு இணைக்கும் கருவிதான் மோடம்; அதோடு வரும் சின்ன பிளாஸ்டிக் கிளிப், அதாவது ஆர்.ஜே.11, ஜெர்மன் சுவரில் நுழையாது. அங்கே டி.ஏ.இ. என்றொரு சாக்கெட். பெரும்பாலும் மூன்று துளை இருக்கும்: நடுவில் இருப்பது ஃபோனுக்கு, ஓரத்துத் துளைகள் மோடம், ஃபேக்ஸ் போன்றவற்றுக்கு. மூன்றும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் பிளக்கின் பக்கவாட்டில் உள்ள முகடு இடம் மாறியிருப்பதால் ஃபோன் பிளக் மோடம் துளைக்குள் போகவே போகாது. இங்கிலாந்துக்கு வேறு பிளக், பிரான்ஸுக்கு வேறு, இத்தாலியில் பழைய கட்டடங்களில் மூன்று முள் வைத்தது. பிளக் பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருந்தால் லைன் உயிரே இல்லாமல் கிடக்கும். அப்புறம் இன்னும் பழைய விடுதிகள் உண்டு, அங்கே ஃபோன் ஒயர் நேராகச் சுவருக்குள் போய்விடும், பிளக்கே இருக்காது. அதற்காகவே சிலர் ஸ்க்ரூ டிரைவரும் முதலைக் கிளிப்பும் பெட்டியில் வைத்திருப்பார்கள். வேறு சிலர் அகூஸ்டிக் கப்ளர் வைத்திருந்தார்கள். ரப்பர் கிண்ணம் இரண்டை ரிசீவரின் இரு முனையிலும் பொருத்திப் பட்டையால் இறுக்கிக் கட்டினால் மோடத்தின் கூச்சல் காற்று வழியாகவே ஃபோனுக்குள் போகும். வேகம் குறைவு. பக்கத்தில் யாராவது கதவை அறைந்தால் எழுத்தெல்லாம் குப்பையாகும்.

பிளக் பிரச்சினை தீர்ந்தால் அடுத்தது டயல் டோன், அதாவது ரிசீவரை எடுத்ததும் லைனில் கேட்கும் ஒலி. நம் மோடம் அமெரிக்க டோனைக் கேட்டுப் பழகியது. விடுதியின் உள் எக்ஸ்சேஞ்ச் விட்டு விட்டு ஒலிக்கும் டோன் கொடுத்தால் 'நோ டயல்டோன்' என்று திரையில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதற்கு மருந்து, டயல் செய்யும் கட்டளைக்கு முன் ஏ.டி.எக்ஸ்.3 என்று அடிப்பது. டோனுக்குக் காத்திருக்காதே, கண்ணை மூடிக்கொண்டு டயல் செய் என்று அர்த்தம். வெளி லைனுக்கு முதலில் பூஜ்யம் அழுத்த வேண்டும். பூஜ்யத்துக்குப் பிறகு கமா போட்டால் மோடம் இரண்டு வினாடி நிற்கும். ஒரு கமா போதாத விடுதியும் உண்டு, மூன்று கமா கேட்கும் விடுதியும் உண்டு. எந்த விடுதிக்கு எத்தனை என்று நாங்கள் டைரியில் எழுதி வைத்து, மறு வருடம் போகிறவர்களுக்குக் கொடுப்போம்.

இன்னும் ஒரு விஷயம். இதை விவரம் தெரிந்தவர்கள்கூட அதிகம் சொல்வதில்லை. மைன்ஸில் நாங்கள் தங்கிய சிறு விடுதியில் அறைக்கு அறை ஃபோன் யூனிட், அதாவது கட்டணக் கணக்கு, எண்ணும் மீட்டர் இருந்தது. 1996 ஜனவரி முதல் ஜெர்மனியில் ஒரு யூனிட் 12 பிஃபெனிக் (அந்நாளைய ஜெர்மன் சில்லறைக் காசு). விடுதிக்காரர்கள் அதன்மேல் எத்தனை மடங்கு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றினார்கள். அந்த மீட்டர் ஓட, யூனிட் முடியும்போதெல்லாம் எக்ஸ்சேஞ்ச் 16 கிலோஹெர்ட்ஸில் ஒரு துடிப்பை லைனிலேயே அனுப்பும். மனிதக் காதுக்கு அது அவ்வளவாகக் கேட்காது, பேசுகிறவர்களுக்குத் தொந்தரவு இல்லை. மோடம் மட்டும் அதைக் கேட்டு மிரண்டு தொடர்பை அறுத்துவிடும். மறுபடி டயல் செய்தால் மறுபடி யூனிட், மறுபடி துடிப்பு. காசை எண்ணுகிற கருவியே நாம் காசு கொடுத்து வாங்கிய இணைப்பை வெட்டிக்கொண்டிருந்தது! காரணம் தெரியாமல் மோடத்தையும் ஒயரையும் மாற்றிக்கொண்டிருந்தோம். ஸ்டால் பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்திரியாக்காரர்தான் விஷயத்தைச் சொல்லி, கடையில் ஃபில்டர் கேட்டு வாங்கச் சொன்னார். தீப்பெட்டி அளவில் ஒரு சாமான். ஒயருக்கு நடுவில் அதை மாட்டியதும் லைன் அறுவது நின்றது.

பெரிய ஹோட்டலில் தங்கியவர்களுக்கு வேறு பயம். அங்கே டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச். அந்த லைனில் சாதாரண மோடத்தைச் செருகினால் மின்னோட்டம் அதிகமாகி மோடம் கருகிவிடும். அதனால் முதலில் சோதனைக் கருவி ஒன்றைச் செருகிப் பார்ப்பார்கள். பச்சை எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

உங்கள் வாசகர்களுக்கு இன்னொரு கேள்வி வரும்: ஜெர்மனியில் எந்த எண்ணுக்கு டயல் செய்தீர்கள்? கரூருக்கோ சென்னைக்கோ நேராக டயல் செய்தால் சொத்தை விற்க வேண்டியிருக்கும். கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்துக்குப் பல நாட்டு நகரங்களிலும் டயல் எண்கள் இருந்தன, ஃபிராங்க்ஃபர்ட்டிலும் இருந்தது. உலகில் எங்கே போனாலும் அந்த ஊர் எண், அதே கணக்கு. முகவரி என்பது பெயர் இல்லை, நீளமான ஓர் எண், நடுவில் கமா. ஊரில் எங்கள் ஆபீசுக்கு, அன்றைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். தந்த ஷெல் கணக்கு, அதாவது எழுத்து மட்டும் வரும் இணையக் கணக்கு. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் தந்தபோது சென்னை, மும்பை போன்ற பெருநகரங்களில்தான் தொடங்கியது. கரூர்க்காரர்கள் எஸ்.டி.டி., அதாவது வெளியூர் அழைப்பு, போட்டுத்தான் அதைத் தொட முடிந்தது. கறுப்புத் திரையில் பைன் என்ற மெயில் மென்பொருள், படம் கிடையாது, எழுத்து மட்டும். எங்களுக்கு அது போதும். 28.8 கிலோபிட் வேக மோடத்தில் ஒரு மெகாபைட் படம் அனுப்ப ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் மீட்டர் ஓடிவிடும். எனவே கடிதம் முழுவதையும் லைன் போடாமலே அடித்து வைத்துக்கொண்டு, இணைப்பு கிடைத்ததும் அனுப்பிவிட்டு, வந்திருப்பதை எடுத்துக்கொண்டு வெட்டிவிடுவோம். படிப்பது அதன் பிறகு. "தம்பி, லைனைப் போட்டுட்டு யோசிக்காதீங்க, யோசிச்சிட்டு லைனைப் போடுங்க" என்பார் எங்கள் முதலாளி.

அந்தக் காலத்தில் கிளம்பும்போது சென்னை விமான நிலையச் சுங்கத்தில் லேப்டாப்பின் சீரியல் எண்ணைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியதென்று வரி கேட்பார்கள். இதையும் கட்டுரையில் யாரும் எழுதுவதில்லை.

வேகமான மோடம் வந்து இதெல்லாம் தீர்ந்ததாக உங்கள் கட்டுரையாளர் நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 56கே மோடம் வந்த பிறகும் சுவர் அதே சுவர், துடிப்பு அதே துடிப்பு. 1996 ஜூலையில், எந்தக் கம்ப்யூட்டரின் பிரவுசரிலும் மெயில் பார்க்க உதவும் ஹாட்மெயில் வந்த பிறகுதான் லேப்டாப்பையே விடுதியில் வைத்துவிட்டுப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மெயில் பார்க்கலாம் என்ற நிலை மெல்ல மெல்ல வந்தது. அதன் பிறகு வைஃபை. இரண்டுமே செய்த உதவி ஒன்றுதான்: அந்தந்த நாட்டுத் தொலைபேசித் துறையின் பிளக்கிலிருந்து பயணியை விடுவித்தது. மோடம் கம்பெனிகளுக்குக் கொடுத்த பாராட்டில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம்.

கடைசியாக, கட்டுரையோடு 'டயல்-அப் ஒயர்' என்று போட்டிருக்கும் படம் ஈதர்நெட் ஒயர். அதில் எட்டுக் கம்பி, நுனி அகலமானது. ஃபோன் ஒயரில் இரண்டோ நான்கோ கம்பிதான் இருக்கும். அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். சரியான படம் வேண்டுமென்றால் கரூரிலோ திருப்பூரிலோ பழைய ஏற்றுமதி ஆபீஸ் எதற்காவது உங்கள் நிருபரை அனுப்புங்கள். எப்படியும் ஒரு மேசை இழுப்பறையில் டி.ஏ.இ. பிளக்கே கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏற்றுமதி ஊழியர்,
கரூர்.