சுகிந்தா மண் எவ்வளவு குரோமியத்தை விடுகிறது என்றும் கேளுங்கள்

ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் மண் சோதனைகளுக்கு விதிமுறை எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மண் வேதியியல் என் தொழில். இந்தியாவின் குரோமைட் தாதுவில் (குரோமியம் எடுக்கும் தாது) 90 சதவீதத்துக்கும் மேல் உங்கள் ஜாஜ்பூர் மாவட்டப் பள்ளத்தாக்கில்தான் கிடக்கிறது. அங்கே மொத்தக் குரோமியம் அளந்தால் எண் பெரிதாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், இயற்கையாக இருப்பதுதானே என்று கோப்பை மூடவும் வேண்டாம். அதில் பெரும்பகுதி குரோமைட் துகளுக்குள்ளும், இரும்பின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு கோதைட் என்ற இரும்புக் கனிமத்தின் படிகத்துக்குள்ளும் பூட்டிக் கிடக்கிறது. மழை பெய்தால் தம்சாலா நாலா வழியாகப் பிராமணி ஆற்றுக்குப் போகக்கூடியது வேறு பங்கு: மண்துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் குரோமியம்-6, அதாவது நீரில் எளிதில் நகரும் நச்சு வடிவம். அதை அளக்கச் சொல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

ராணிப்பேட்டையின் குரோமேட் கழிவுமேடு எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அது ஆலை செய்த குரோமியம்-6. சுகிந்தாவில் மண்ணே அதைச் செய்கிறது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு, நச்சு குறைந்த வடிவமான குரோமியம்-3ஐ குரோமியம்-6 ஆக மாற்றிவிடும். பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற மண் ஆய்வாளர்கள் இருவரும் 1979இல் இதைக் காட்டினார்கள். உலர்த்தி வைத்த மண்ணில் இந்த வேலை நடக்காமல் போவதையும் சேர்த்தே காட்டினார்கள். ஆனாலும் மண்ணைக் காயவைத்து, இடித்து, சலித்து, டப்பாவில் போட்டு வைப்பதுதான் நம் ஆய்வகங்களில் இன்றும் வழக்கம். ஈரமாக எடுத்த மண்ணை ஈரமாகவே சோதிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

அப்புறம், எதில் ஊறவைப்பது? மண் அமிலமாக இருக்கும்வரை இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் நேர்மின்னேற்றம் இருக்கும். மண்நீரில் குரோமியம்-6 எடுக்கும் வடிவமான, எதிர்மின்னேற்றமுள்ள குரோமேட் அதில் ஒட்டிக்கொள்ளும். பிஎச் ஏற ஏறப் பிடி தளரும். வயலுக்குச் சுண்ணாம்பு போட்டாலும் பிஎச் ஏறும், இதே கதைதான். பாஸ்பேட் உள்ள டிஏபி உரம் போட்டால் இன்னும் மோசம்: துண்டு போட்டு இடம் பிடித்தவரையும் எழுப்பிவிடும் ரகம் பாஸ்பேட். எனவே வெறும் காய்ச்சி வடித்த நீரில் குலுக்கி, ஒன்றும் வரவில்லை என்று எழுதித் தரும் அறிக்கையை வாங்காதீர்கள். அதே மண்ணைப் பாஸ்பேட் கரைசலிலும் குலுக்கச் சொல்லுங்கள். இரண்டு சாற்றிலும் அமிலமும், குரோமியம்-6 இருந்தால் நிறம் காட்டும் வினைபொருளான டைஃபீனைல்கார்பசைடும் சேர்த்தால், நீர்ச்சாறு நிறமே காட்டாத மண்ணிலும் பாஸ்பேட் சாறு ஊதா கலந்த சிவப்பாக மாறக்கூடும். அந்த வித்தியாசம்தான் நீங்கள் தேடும் எண்.

நிறத்தை 540 நானோமீட்டரில் படிக்கும்போது ஒரு வம்பு உண்டு. செம்மண்ணின் மிக நுண்ணிய இரும்புத் துகள் 0.45 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டி வந்து, சாற்றில் மஞ்சள் மங்கலாக நிற்கும். கருவி அதையும் குரோமியமாகக் கணக்குப் பார்க்கும். வினைபொருள் சேர்க்காத சாற்றை ஒருமுறை படித்துக் கழிக்கச் சொல்லுங்கள். குடிநீர் வரம்பே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் என்னும்போது இது சின்ன விஷயமில்லை.

அறிக்கைகளில் கேடி (Kd) என்று ஒற்றை எண் கொடுக்கிறார்களே, மண் எவ்வளவு பிடிக்கும், நீரில் எவ்வளவு நிற்கும் என்ற விகிதம், அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. குரோமேட்டைச் சேர்த்து, ஒரு நாள் குலுக்கி எடுத்த எண் அது. ஒட்டும் வழி வேறு, விடும் வழி வேறு. பல வருடம் மண்ணில் கிடந்த குரோமேட் உடனே வராது. கொஞ்சம் கொஞ்சமாக, நீண்ட காலம் கசியும். ஆகவே கரைசலை மாற்றி மாற்றிப் பல சுற்று எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் வந்த அளவையும் பிஎச்சையும் மண்-நீர் விகிதத்தையும் கேளுங்கள்.

இதற்குப் புதுக் கருவி வேண்டாம். குலுக்கியும் மையவிலக்கியும் நிறமானியும் உள்ள எந்த ஆய்வகமும் செய்யும். அடுத்த டெண்டரில் பருவமழைக்கு முன்பு ஒரு மாதிரி, பின்பு ஒரு மாதிரி என்று சேர்த்துவிடுங்கள். சராசரியை மட்டும் வெளியிடாமல், சுற்றுவாரியான எண்களை அப்படியே பொதுவில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மண் ஆய்வாளர்