ஓடைக்குச் செல்லும் ஒன்பதாம் வகுப்பு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கல்வியாண்டு முழுவதும் மாதம் ஒருமுறை ஓடைக்குச் சென்று அதன் நலத்தை ஆராயப் போகிறார்கள். ஒப்புதல் படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். சென்ற கூட்டத்தில் ஒரு தாயார், "தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறதே, அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று நேரமில்லாததால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

பூச்சிமருந்து கலந்த நீரும் பளிங்குபோலத்தான் இருக்கும். மழைக்குப் பின் கலங்கி ஓடும் ஓடை நல்ல ஓடையாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்ப முடியாது என்பதால் பிள்ளைகள் வெப்பநிலை, அமில காரத் தன்மை, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஆகியவற்றை அளப்பார்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தன்னுள் வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். கரை மரங்களை வெட்டினால் நிழல் போய், நீர் சூடேறி, ஓடையின் மூச்சு குறைவது இதனால்தான். எனவே அவர்களுடைய குறிப்பேட்டின் முதல் பத்தி நீரைப் பற்றியதல்ல, கரையின் நிழலைப் பற்றியது.

ஆனால் அளவுக்கருவியும் ஏமாறும். உரமும் கழிவுநீரும் சேரும் ஓடையில் பாசி பெருகுகிறது. பகலில் அது ஆக்சிஜனை அள்ளித் தருகிறது. இரவில் அதுவும் சேர்ந்து சுவாசிக்கிறது. விடிவதற்குச் சற்று முன்பு ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்துவிடும். நண்பகலில் கருவியை நீரில் வைப்பவருக்கு எண் அழகாகத் தெரியும். விடியற்காலையில் மீன்கள் திணறியது அந்த எண்ணில் இருக்காது. பிள்ளைகளை அந்த நேரத்தில் அழைத்துப் போக முடியாது. அதனால் எல்லா இரவுகளையும் அங்கேயே கழித்தவர்களிடம் கேட்கப் போகிறோம்: கல்லுக்கு அடியில் வாழும் சிற்றுயிர்களிடம்.

முன்னோட்டமாகச் சில மாணவர்களுடன் போயிருந்தோம். ஒரு மாணவி கையளவு கல்லைப் புரட்டினாள். அடியில், நகத்தளவுகூட இல்லாத தட்டையான பூச்சி ஒன்று மூன்று வால் இழைகளோடு ஒட்டிக் கிடந்தது. மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம் அது. வெள்ளைத் தட்டில் ஓடை நீரை ஊற்றி அதை விட்டோம். வயிற்றின் இருபுறமும் இலை இலையாகச் செவுள்கள் துடித்தன. தட்டு நீர் வெயிலில் சூடேற, துடிப்பு வேகமெடுத்தது. அதற்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டு அவளே தட்டை ஏந்திக்கொண்டு நீரோட்டத்துக்கு விரைந்தாள். அன்று அந்த வகுப்பை நடத்தியது அந்தப் பூச்சிதான்.

இந்தப் பூச்சிகளில் சில வகைகள் ஓராண்டு வரை நீருக்குள் வளர்ந்து, இறகு முளைத்த பின் சில மணி நேரமோ சில நாள்களோ மட்டுமே வாழ்கின்றன. அவை அங்கே இருந்தால், அத்தனை மாதங்களும் நீர் ஓரளவு நன்றாக இருந்திருக்கிறது. மணலையும் இலைத்துணுக்கையும் பட்டிழையால் ஒட்டித் தனக்கொரு கூடு கட்டும் கேடிஸ் புழுவும் பெரும்பாலும் நல்ல செய்தியையே சொல்லும். கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவமான சிவப்பு கைரோனமிட் புழு சேற்றிலும் பிழைக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தைத் தாங்க அதன் உடலில் ஹீமோகுளோபின் இருக்கிறது. அது நல்ல ஓடையிலும் உண்டு. வேறு எதுவுமே இல்லாமல் அது மட்டும் நெளிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

உயிர்களை வைத்து நீரை எடைபோடும் இந்த முறை பழையது. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இரு அறிஞர்கள் 1909இல் நீரின் மாசுக்கேற்ப விலங்குகளை வகைப்படுத்தினார்கள். பின்னாளில் பிரிட்டனில் ஒவ்வொரு சிற்றுயிர்க் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் அட்டவணை வந்தது. அந்தந்தப் பகுதியின் உயிர்களுக்கு ஏற்ற அட்டவணையைத்தான் பயன்படுத்த வேண்டும். நாங்களும் அப்படியே செய்வோம்.

ஓடையில் இரண்டு இடங்கள்: வடிகால் வந்து கலப்பதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டிலும் 3 நிமிடம் அடித்தரையைக் காலால் கிளறி, மிதந்து வருவதை வலையில் பிடித்து எண்ணி, திரும்ப விட்டுவிடுவார்கள். நேரம் கூடினாலோ குறைந்தாலோ ஒப்பிட முடியாது. புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே வைக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். "உன் குழுவுக்கு எத்தனை பூச்சி கிடைத்தது?" என்று போட்டியாகக் கேட்காதீர்கள். எதுவுமே கிடைக்காத நாளில் பூஜ்ஜியம் என்று எழுதுவதும் சரியான பதிவுதான். பாராட்டுக்காக ஒரு எண்ணைக் கூட்டி எழுதினால், நோயுற்ற ஓடைக்கு நலச் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். மதிப்பெண்ணும் எண்ணிக்கைக்கு இல்லை, குறிப்பின் நேர்மைக்கும் தெளிவுக்கும்தான்.

பாதுகாப்பைப் பற்றி: முழங்காலுக்கு மேல் நீருள்ள இடத்தில் யாரும் இறங்க மாட்டார்கள். ஓடையின் மேற்பகுதியில் மழை என்றால் பயணம் ரத்து. காலில் காயம் இருக்கும் பிள்ளை கரையில் அமர்ந்து பதிவு செய்யும். நீரைக் குடிக்கக் கூடாது; திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வழுக்காத பழைய காலணி, மாற்று உடை, துண்டு ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள்.

படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். துணைக்கு வர விரும்பும் பெற்றோர் அதிலேயே பெயர் எழுதலாம். அவர்களும் நீரில் இறங்கிக் கல் புரட்டுவார்கள் என்பதால் அதற்கேற்ற உடையில் வரவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்