பூட்டிய அறைக்குள் நிற்கும் ஜெனரேட்டர்கள்: முகாமைத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முகாமைத்துவக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடங்களாக டீசல் எஞ்சின்களைப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில், உங்கள் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் நிற்கும் ஜெனரேட்டர்களைப் பற்றி எழுதுகிறேன். 2022இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது அவற்றைக் கண்ணுங் கருத்துமாகப் பார்த்தோம். மின்வெட்டு நின்றதும் அறையைப் பூட்டிவிட்டு மறந்துபோனோம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு கட்டடத்தில் ஜெனரேட்டர் இயங்கத் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. ஏழாம் மாடியில் இருந்த ஒரு முதியவரை நாற்காலியில் இருத்தி, நான்கு பேர் படி வழியாக இறக்கினார்கள். அன்று பின்னேரம் டீசல் தாங்கியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்த்தேன். அடியில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர், மேலே டீசல், இரண்டும் சந்திக்கும் இடத்தில் கரும்பழுப்பாக, தொட்டால் வழுக்கும் ஒரு படலம். பில்டரை அடைத்தது அந்தப் படலந்தான்.

தாங்கி பாதி வெறுமையாக இருந்தால், ஈரக்காற்று உள்ளே போய்க் குளிர்ந்து நீராக இறங்குகிறது. அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. ஆகவே தாங்கியை எப்போதும் ஏறத்தாழ நிரப்பி வையுங்கள், மாதமொரு முறை அடிநீரை வடித்துவிடுங்கள்.

சனிக்கிழமைதோறும் காவலாளி ஐந்து நிமிடம் ஜெனரேட்டரைப் போட்டு நிறுத்துவதையே பராமரிப்பு என்று பல குழுக்கள் நம்புகின்றன. சுமையில்லாமல் ஓடும் எஞ்சின் போதிய அளவு சூடேறுவதில்லை. முழுதாக எரியாத டீசல் புகைக்குழாயில் கரியாகப் படிகிறது, ஒயிலிலும் கலக்கிறது, ஒயிலில் சேர்ந்த ஈரமும் ஆவியாகிப் போவதில்லை. அதற்குப் பதிலாக மாதமொரு தடவை, லிப்டையும் நீரிறைக்கும் மோட்டாரையும் அதிலேயே இணைத்து, ஜெனரேட்டரின் மின்னுற்பத்தித் திறனில் 30 சதவீதத்துக்குக் குறையாத சுமையுடன் அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள். மின்சாரம் ஒரு கணம் தடைப்படுவதைக் குடியிருப்பாளர்கள் குறைசொல்வார்கள்தான். முதல்நாளே அறிவித்தல் ஒட்டினால் போதும்.

“வருடத்தில் இருபது மணித்தியாலந்தான் ஓடியது, ஒயிலை ஏன் மாற்ற வேண்டும்?” என்ற கேள்வியைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஒயில் ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை. எரிபொருள் எரிந்து உண்டாகும் அமிலமும் ஈரமும் அதில் தங்கி, நிற்கும் எஞ்சினின் பேரிங்குகளை அரிக்கின்றன. ஒயிலையும் பில்டரையும் வருடமொரு முறை கட்டாயம் மாற்றுங்கள். பற்றரியையும் சோதியுங்கள், ஜெனரேட்டர் இயங்காமற் போவதற்கு அதுவே மிகப் பொதுவான காரணம்.

ஆட்கள் குடியேறாத கட்டடத்தில், அல்லது ஆறு மாதத்துக்கு மேல் தேவைப்படாத நிலையில், ஜெனரேட்டரை முறையாகச் சேமித்து வைப்பதே நல்லது. முதலில் ஒயிலைப் புதிதாக மாற்றி, அது எல்லா இடமும் பரவும்படி எஞ்சினை நன்கு சூடாகும்வரை ஓட்டுங்கள். ரேடியேட்டரில் வெறுந் தண்ணீர் விடாமல் துருத்தடுப்புக் கூலன்ட் நிரப்புங்கள். பற்றரியைக் கழற்றி வேறிடத்தில் வைத்து மாதந்தோறும் சார்ஜ் செய்யுங்கள். காற்று உள்வாங்கும் வாயையும் புகைக்குழாயின் வாயையும் இறுக மூடி, மூடியிருப்பதாக ஓர் அட்டையில் எழுதிச் சாவியில் கட்டிவிடுங்கள். மூடியதை மறந்து இயக்கப்போய் எஞ்சினைக் கெடுத்தவர்களை நான் அறிவேன். அதன் பிறகு, “சும்மா பார்ப்போம்” என்று இடையில் இயக்காதீர்கள். ஓட்டவும் செய்யாமல், முறையாக மூடவும் செய்யாமல் விடும் அரைகுறை நிலையிலேயே அதிக எஞ்சின்கள் பாழாகின்றன.

ஆகவே உங்கள் அடுத்த கூட்டத்தில் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: கடைசியாகச் சுமையுடன் ஓட்டிய திகதி, கடைசியாக ஒயில் மாற்றிய திகதி, தாங்கியின் அடிநீரை வடித்த திகதி. பதில் சொல்ல ஆளில்லையென்றால், அன்றைக்கே ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கி அந்த அறைக் கதவில் தொங்கவிடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் இயந்திரப் பழுதுபார்ப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.