தீக்குச்சி நீளத்தில் இரண்டு குச்சிகள்: மச்சாளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மச்சாள்,

சுகமாக இருக்கிறீர்களா? கிளிநொச்சி வெயிலில் கிளினிக் வேலையாக வீடு வீடாகத் திரிகிற உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நேரில் என்றால் பிள்ளைகள் நடுவில் வந்து கதையைக் குலைத்துவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

35 வயதில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு நான் போனது உங்களுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் படுத்தேன். குளிர்ந்த இரும்பு ஒன்று உள்ளே போனது. என்ன அது என்று கேட்டேன். "அசையாமல் படுங்கோ" என்பதுதான் பதில். பரிசோதனை நல்லது, என்னைப் போகச் சொல்லி நீங்கள் விடாமல் நின்றதும் நல்லது. ஆனால் என் உடம்புக்குள் போன கருவியின் வடிவத்தை நான் அறிந்தது பல மாதம் கழித்து, போனில் ஒரு படத்தில். தாரா அலகு போல இருந்தது.

அந்தப் படம் ஸ்பெயினின் கட்டலோனியாவில், கலாஃபூ என்ற பழைய ஆலைக் குடியிருப்பில் வேலை செய்த கைனபங்க் என்ற குழுப் பெண்களுடையது. ஸ்பெகுலம் என்ற அந்தக் கருவியை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் தாங்களே செய்து, அதன் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் மோட்டாரில் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி, வெப்கேமில் ஒரு நுணுக்குக்காட்டி. கலையோ வைத்தியமோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவர்கள் அனார்க்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெண்களை நினைவுகூருகிறார்கள். 1840களில் அலபாமாவில் அடிமைகளாக இருந்த அவர்கள்மேல் ஜே. மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் மயக்கமருந்து இல்லாமல் அறுவைச் சிகிச்சை செய்து பழகினார். அனார்க்காவுக்கு மட்டும் ஏறக்குறைய 30 தடவை. சிம்ஸின் ஸ்பெகுலம் அங்கேதான் உருவானது. பேரும் அவருக்கே போனது.

வாசித்தபோது எனக்குப் பூநகரிப் பக்கம்தான் நினைவில் வந்தது. 2013இல் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு பெண்கள், தங்களை வற்புறுத்தி மேற்கைத் தோலுக்கடியில் கருத்தடைக் குச்சி வைத்ததாகச் சொன்ன செய்திகள் வந்தனவே. அந்தக் குச்சிமேல் எனக்குக் கோபம் இல்லை. விரும்பிக் கேட்டு வைத்தவளுக்கு அது 5 வருட நிம்மதி. கேளாமல் வைத்தால் அதே குச்சி வேறொன்று.

சரி, இப்போது பழைய சேலைத்துணியில் பஞ்சடைத்து ஒரு பெண்ணின் மேற்கையைத் தைக்கிறேன். ஜடெல் என்ற அந்தக் கருத்தடைக் குச்சி ஒன்று 43 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட தீக்குச்சி நீளம். அப்படி இரண்டை மெழுகில் உருட்டி, விரித்த இரண்டு விரல்போலத் துணிக்கடியில் வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் தடவிப் பார்க்க வேண்டும்.

முதலில் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடித் தடவியவர், இரண்டாவது குச்சியில் விரலை நிறுத்தினார்.

"வேண்டாமெண்டால் இதை எடுக்கலாமோ?"

எடுக்கலாம் என்றேன்.

"எப்ப கேட்டாலுமோ? காரணம் சொல்லாமலோ?"

இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், மச்சாள். உங்கள் கையெழுத்திலேயே எழுதித் தாருங்கள். அந்த எழுத்தை அப்படியே சிவப்பு நூலில் அந்தக் கையின்மேல் தைப்பேன்.

சனிக்கிழமை வரும்போது ஒரு ஸ்பெகுலமும் கொண்டுவாருங்கள். அம்மாவும் அதைப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
உங்கள் மச்சாள்