கஃபேயில் பகிடி மேடை போடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் இருக்கும் உங்கள் கஃபேயில் மாதம் ஒரு சனி மாலை நகைச்சுவை மேடை நடத்தப்போகிறீர்கள் என்பது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். பகிடி சொல்பவர்களைத் தேடுவதற்கு முதல் கதிரைகளைக் கவனியுங்கள். நெருங்கி இருந்தால்தான் சிரிப்பு தொற்றும். 30 பேரை எதிர்பார்த்தால் 20 கதிரைகள் மட்டும் போடுங்கள். மிச்சத்தை ஆட்கள் வர வர எடுத்துக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் போட்டால் எல்லாரும் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். முதல் வரிசையிலிருந்து மைக்குக்கு 4 அடி போதும்.

பேசுபவருக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். கண்ணாடிக் கதவென்றால் சபையின் கண் வீதியில் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸோடு போய்விடும். ஸ்பீக்கர்களை மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி வையுங்கள்; பின்னால் வைத்தால் அந்தச் சத்தத்தையே மைக் திரும்ப வாங்கிக் கீச்சிடும். ஃபேன் காற்று மைக்கில் நேரே பட்டாலும் இரையும்.

பிளெண்டர்தான் பெரிய எதிரி. பகிடியின் கடைசிச் சொல் கேட்காவிட்டால் அதுவரை சொன்னது முழுக்க வீண். ஆளுக்கு 5 நிமிடம். நான்காவது நிமிடம் முடிய பின்னாலிருந்து டோர்ச் அடியுங்கள். நாலு பேர் பேசியதும் 20 நிமிட இடைவேளை, பிறகு இன்னும் நாலு பேர். ஜூஸ், பற்றிஸ் எல்லாம் இடைவேளையில்தான். உங்கள் வியாபாரமும் அப்போதுதான் நடக்கும்.

புதியவரை முதலாவதாக ஏற்றாதீர்கள். பழகியவர் தொடங்கட்டும், புதியவர் மூன்றாவதாக வரட்டும். போனில் பதிவு செய்யவும் விடாதீர்கள். அரைகுறைப் பகிடியைச் சொல்லிப் பார்க்கத்தானே இந்த இடம்? அது மறுநாள் பேஸ்புக்கில் வந்தால் அவர் திரும்ப வரமாட்டார்.

இலங்கை வானொலியில் மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் ஆகிய நகைச்சுவை நடிகர்கள் வெவ்வேறு பேச்சுத் தமிழை ஒரே நாடகத்தில் கொண்டுவந்தார்கள். உங்கள் கடையில் அந்தத் தமிழ்களைப் பேசும் ஆட்களே ஒரே மேசையில் இருப்பார்கள். மலையகத்துப் பிள்ளை தன் தமிழிலேயே மேடையேறட்டும். அந்தப் பேச்சை நெளித்துக் காட்டிச் சிரிப்பு வாங்குபவரை அறிவிப்பாளர் அன்றே தனியே கூப்பிட்டுக் கதைக்க வேண்டும். விட்டால், அந்தப் பிள்ளையோடு சேர்ந்து வந்தவர்களும் அடுத்த மாதம் வரமாட்டார்கள்.

தனியாக வருபவர்களுக்கென ஒரு நீளமேசை ஒதுக்குங்கள். அதில் முன்பதிவு வேண்டாம். அறிவிப்பாளரும் இடைவேளையில் அங்கேயே இருந்து சாப்பிடட்டும்.

ஆறே பேர் வரும் மாதமும் இருக்கும். அன்றும் நிறுத்த வேண்டாம். மைக்கை அணைத்துவிட்டு அந்த நீளமேசையைச் சுற்றி இருந்து நடத்துங்கள்.

அன்புடன்,
மேடை ஒழுங்கு செய்யும் நாங்கள்