கண்ணாடி பீரோ

ஊட்டி,
ஆடி 9

கண்ணு,

மூணு வாரமா உன் போன் வரல. டவர் கிடைக்காம இருக்கும்னு உங்கப்பா சொல்றார். மதுரையில டவர் கிடைக்காதா? சாப்பிடறியா?

இங்க ஒரே சாரல், துணி காயல. மாமா கேரட் எடுத்துட்டார், விலையைக் கேட்காதே.

கீழ் வீட்டுப் பொண்ணு, உன் கிளாஸ்ல படிக்கறவ, லீவுக்கு வந்திருந்தா. "சார் தலையை நிமிர்றதே இல்ல அத்தை, நோட்ஸ் சொல்லுவார், எழுதுவோம், பெல் அடிச்சா போயிடுவார்"னா. அவ குறையா சொல்லல, மார்க் நல்லா வருதாம். எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. ஏன் ஏன்னு கேட்டே பத்தாவது சாரை ஓட வெச்சவன் நீ.

நோட்ஸ் சொல்றது தப்புங்கல. அறுபது பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ. ஆனா வாரத்துல ஒரு பீரியடாவது லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போ. ஒரே கேள்விக்கு ரெண்டு புத்தகம் ரெண்டு விதமா சொல்றதைக் காட்டு, எது சரின்னு அவங்களே சண்டை போடட்டும். என்-லிஸ்ட்னு காலேஜ்களுக்கான ஆன்லைன் லைப்ரரியில படிக்க நிறைய இருக்கு. பாஸ்வேர்ட் வாங்கிக் கொடுத்தா போதாது, பக்கத்துல உட்கார்ந்து ஒரு தடவை தேட வைக்கணும். நேரத்துக்குச் சாப்பிடு.

நம்ம நாட்டு லைப்ரரி சயின்ஸுக்குத் தந்தைன்னு சொல்ற சீர்காழி ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தான். 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு வந்த கொஞ்ச நாள்லயே அலுத்துப்போய், பழைய வேலைக்கே போறேன்னு நின்னார். லண்டன் போய்ப் படிச்சுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்னாங்க. திரும்பி வந்தவர் 20 வருஷம் அங்கேயே இருந்தார். சும்மாதான் சொல்றேன். நீ வேலையை விடப்போறதா சின்னம்மா என்கிட்ட ஒண்ணும் சொல்லல.

வாரத்துல ஒரு பீரியட். லைப்ரரியில கூட்டம் சேர்ந்தா உனக்கும் கொஞ்சம் பேச்சு வரும்.

நான் லைப்ரரியனா இருந்தப்ப, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கேன்னு ரங்கநாதன் 1931-ல எழுதின லைப்ரரிக்கான முதல் விதி என் தலைக்கு மேல தொங்கிச்சு. அதுக்குக் கீழே நான் பீரோ சாவியை இடுப்புல சொருகிட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டாக் எடுக்கறப்ப ஒண்ணு குறைஞ்சா சம்பளத்துல பிடிச்சுடுவாங்கன்னு பயம். மார்ச்சுல பணம் திரும்பிப் போயிடக்கூடாதுன்னு அவசரமா வாங்கின புத்தகங்க, பின்னட்டைச் சீட்டுல ஒரு தேதி விழல.

ஸ்கூல் விட்டு வந்து நீ அந்த நட்சத்திரப் புத்தகத்துக்கு எதிர்ல நிப்ப. மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கும், சட்டைக் கையால துடைப்ப. ஒரு நாள் கேட்ட. ரெஃபரன்ஸ், எடுக்கக்கூடாதுன்னேன். அப்புறம் நீ கேட்கவே இல்ல. ரிட்டயர் ஆனப்ப சாவி ஒப்படைக்கத் திறந்தேன். ஈரத்துல பக்கம் பக்கமா ஒட்டிப்போயிருந்துச்சு, பிரிச்சா கிழியுது. நீ என்கிட்ட எதையும் கேட்காம இருக்கறது அன்னிக்குத் தொடங்கினதோன்னு ராத்திரியில தோணுது.

ஞாயித்துக்கிழமை மதுரை பஸ்ல வர்க்கி கொடுத்து விடறேன். வாங்கிட்டு ஒரு போன் பண்ணு. பேச முடியலைன்னா மிஸ்டு கால் போதும்.

அம்மா