டி.சி. கேட்டு வருவதற்கு முன்பே

பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும் முதலாண்டுத் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படியும் முதல் பருவம் முடிவதற்குள் சிலர் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். "படிப்பு ஏறல" என்று நாமும் முடித்துக்கொள்கிறோம். பல நேரம் காரணம் படிப்பு அல்ல. 'இது உன் இடம் இல்லை' என்று முதல் ஆறு வாரத்தில் நாமே சொல்லிவிடுகிறோம்.

கணக்குப் பாடத்தையே பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவக் கணிதம் அணிகளில் தொடங்கியது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு அணிகள் புதிதல்ல. அவருடைய புத்தகத்திலும் அதுதான் முதல் இயல். சேர்ப்பு அணி, நேர்மாறு, அணியின் தரம் எல்லாம் போட்டுப் பழகியவர். வகுப்பில் அட்ஜாயின்ட், இன்வெர்ஸ், ரேங்க் என்று காதில் விழுகிறது. தெரிந்த கணக்கே தெரியாத கணக்காகிவிடுகிறது. எழுந்து கேட்கவும் இங்கிலீஷ் வேண்டுமே என்று உட்கார்ந்துவிடுகிறார்.

இதற்கு மருந்து ஒரு தாள்தான். அலகுக்கு முப்பது நாற்பது சொற்கள், இரு மொழியிலும், பாடம் தொடங்குவதற்கு முந்தைய நாளே கைக்குப் போக வேண்டும். வகுப்பு முழுவதற்கும் கொடுங்கள். 'தமிழ் மீடியம் மட்டும் வாங்கிக்கோங்க' என்றால் தாள் மேசையிலேயே கிடக்கும். சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்கலாம் என்பதை ஆசிரியர் முதல் வகுப்பிலேயே, தமிழிலேயே சொல்லிவிட வேண்டும்.

சிறப்பு வகுப்பை மாலை நாலரைக்கு மேல் வைத்தால் கல்லூரிப் பேருந்தில் போகிறவர் வர மாட்டார். கால அட்டவணைக்குள் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்ற தலைப்பு நாக் (கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் அமைப்பு) கோப்புக்கு வேண்டுமானால் இருக்கட்டும், அறிவிப்புப் பலகைக்கு எதற்கு?

இதைவிட மோசம், பாடம் நடக்கும்போது அலுவலக ஊழியர் வாசலில் வந்து நின்று, "ஃபர்ஸ்ட் கிராஜுவேட், ஸ்காலர்ஷிப், செவன் பாயின்ட் ஃபைவ் எல்லாம் எழுந்திரிங்க" என்பது. இரண்டே நிமிடம்தான், அறுபது பேருக்கும் யார் யார் என்று தெரிந்துவிடுகிறது. சேர்க்கைப் பட்டியல் அலுவலகத்திலேயே இருக்கிறது. விண்ணப்பத்தைக் கவரில் போட்டு, மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியரான டியூட்டர் வழியாகக் கொடுத்தால் போதும். உதவித்தொகை வந்து சேரத் தாமதமாகும் மாதங்களில் பாக்கிப் பட்டியலில் பெயர் ஒட்டுவதையும் நிறுத்துங்கள்.

விடுதியில், பணம் வந்து சேர்ந்த வரிசைப்படி அறை ஒதுக்கினால், அரசுப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள் எல்லாம் ஒரே வராந்தாவில் ஒதுங்கிவிடுவார்கள். கலந்துதான் போட வேண்டும். ஆனால் நான்கு பேர் அறையில் அரசுப் பள்ளியிலிருந்து வந்த ஒருவரை மட்டும் தனியாக விட்டுவிடாதீர்கள். அவர் பேச்சு வழக்கு தெரிந்த இன்னொருவராவது உடன் இருக்கட்டும்.

டிராஃப்டர் (பொறியியல் வரைபடம் வரையும் கருவி), லேப் கோட், ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் கால்குலேட்டர் என்று கட்டணப் பட்டியலில் வராத செலவுகள் முதல் மாதமே வருகின்றன. இரண்டாமாண்டு விடுதிக் கட்டில்களுக்கு அடியில் எத்தனை டிராஃப்டர் தூசி படிந்து கிடக்கின்றன என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். அவற்றை வாங்கி நூலகத்தில் வைத்து, புத்தகம் போலவே எல்லோருக்கும் இரவல் கொடுக்கலாம்.

போகப் போகிறவர் சொல்லிக்கொண்டு போவதில்லை. திங்கட்கிழமை வருகைப் பதிவைத் தனியாக எடுத்துப் பாருங்கள். வெள்ளி மாலை ஊருக்குப் போனவர் அடுத்தடுத்து இரண்டு திங்கள் வரவில்லை என்றால் அதுவே முதல் அறிகுறி. ரெக்கார்டு நோட்டு கையெழுத்துக்கு வராமல் நிற்பதும், மெஸ்ஸில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆள் வராததும் அடுத்தவை. மாத இறுதியில் 75 விழுக்காட்டு வருகைக் கணக்குப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். இரண்டாவது திங்களன்றே டியூட்டர் அவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். எடுத்தவுடன் பெற்றோருக்கு போன் போடக் கூடாது. போட்டால் "கஷ்டமா இருந்தா வந்துருப்பா" என்பதுதான் வீட்டிலிருந்து வரும் பதில்.

மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்து யாரையும் நிறுத்த நினைக்காதீர்கள். அது கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே அறிவித்துவிட்டது.

விலகும் நாளில் 'நோ டியூ' (பாக்கி எதுவும் இல்லை) படிவத்தோடு நூலகம், ஆய்வகம், விடுதி, துறைத் தலைவர் அறை என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறார் மாணவர். அந்தச் சுற்றை முதல் வாரத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் அவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
முதலாண்டுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் சிலர்